இடைவெளி எனும் சான்று: இரவு வானக் காலச்சுருக்க ஒளிப்படத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இரவு வானத்தையும் இயற்கை நிலப்பரப்பையும் சீரான கால இடைவெளியில் தொடர்ந்து படமெடுத்து, அப்படங்களை விரைவாக ஓட்டிக் காட்டும் முறை இன்று பரவலாக அறியப்பட்ட காட்சிக் கலையாக விளங்குகிறது. இதன் வரலாறு பெரும்பாலும் திரைப்பட வரலாற்றின் ஒரு கிளையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இம்முறை வானியல், தாவரவியல், புவி இயற்பியல் ஆகிய துறைகளின் அளவீட்டுத் தேவையிலிருந்து பிறந்தது என்பதையும், படங்களுக்கு இடையே உள்ள 'இடைவெளி' பதிவு செய்யப்படும்போதுதான் அது அறிவியல் சான்றாகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வு, கோடைக்கானல் வானாய்வகத்தின் சூரியப் படத்தொகுப்பு, 1957–58இன் துருவ ஒளிப் பதிவுகள் ஆகிய மூன்றும் முதன்மை எடுத்துக்காட்டுகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: காலச்சுருக்க ஒளிப்படம், இடைவெளி, வெள்ளி இடைநகர்வு, கோடைக்கானல் வானாய்வகம், துருவ ஒளி, ஒளி மாசு.

முன்னுரை

விண்மீன்கள் நகர்கின்றன என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் அவை நகர்வதை எவரும் காண்பதில்லை. மாலையில் கீழ்வானில் இருந்த விண்மீன் நள்ளிரவில் உச்சிக்கு வந்திருப்பதைக் கண்டு, அது நகர்ந்திருக்க வேண்டும் என்று உய்த்துணர்கிறோம். விதை முளைப்பதும் பனியாறு பின்வாங்குவதும் இத்தகையனவே. மனிதக் கண் ஏற்கும் வேகத்திற்குக் கீழ்ப்பட்ட இயக்கங்கள் அனைத்தும் நினைவின் துணையால் அறியப்படுவன. நேரடிக் காட்சியால் அறியப்படுவன அல்ல. இந்த எல்லையைக் கடக்க உருவான கருவிமுறையே காலச்சுருக்க ஒளிப்படம்.

இம்முறையின் வரலாற்றை எழுதுவோர் தொடக்ககாலத் திரைப்படக்காரர்களின் உத்திகளில் தொடங்கி, இன்றைய எண்மப் படக்கருவிகள் தரும் பால்வழிக் காட்சிகளில் முடிப்பது வழக்கம். அவ்வாறு எழுதும்போது இம்முறை வியப்பூட்டும் உத்தியாக மட்டுமே தோன்றுகிறது. அதன் மற்றொரு மரபு மறைந்துவிடுகிறது. அம்மரபில் படமெடுத்தவர்கள் பார்வையாளரை மகிழ்விக்க எண்ணியவர்கள் அல்லர். ஒரு நிகழ்வு எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை ஐயமற அறிய விழைந்தவர்கள். அம்மரபை மீட்டெடுத்துக் காட்டுவதும், இன்றைய நடைமுறைக்கு அது தரும் படிப்பினையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் இம்முறைக்கு வழங்கும் 'டைம்-லாப்ஸ்' என்னும் பெயர், காலம் கழிந்து செல்வதைக் குறிக்கிறது. செருமானியத்தில் வழங்கும் 'ட்சைட்ராஃபர்' என்னும் பெயரோ காலத்தைச் சேர்த்துத் திரட்டுதல் என்னும் பொருளைத் தருகிறது. முன்னது படங்களுக்கு நடுவே விடுபடும் காலத்தையும், பின்னது படங்களால் சேர்க்கப்படும் காலத்தையும் முதன்மைப்படுத்துகின்றன எனலாம். இக்கட்டுரை 'காலச்சுருக்க ஒளிப்படம்' என்னும் தொடரைக் கையாளுகிறது. எனினும் இத்தொடர் விளைவை மட்டுமே சுட்டுகிறது; விளைவுக்குக் காரணமான இடைவெளியைச் சுட்டவில்லை என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இடைவெளிக்கும் சுருக்கத்திற்கும் உள்ள உறவு எளிய கணக்கு. முப்பது நொடிக்கு ஒரு படம் வீதம் எட்டு மணிநேரம் எடுத்தால் 960 படங்கள் கிடைக்கும். நொடிக்கு 25 படம் வீதம் ஓட்டினால் அவை 38 நொடிகளில் முடிந்துவிடும். அவ்வெட்டு மணிநேரத்தில் வானம் மணிக்கு 15 பாகை வீதம் 120 பாகை சுழன்றிருக்கும். பார்வையாளர் காணும் வேகம் உண்மை வேகத்தைப் போல் 750 மடங்கு. இந்த 750 என்னும் எண்ணை அறிந்தவர் படத்திலிருந்து உண்மைக் காலத்தை மீட்டெடுக்க முடியும். அறியாதவருக்கு அது வெறும் வேகமே. ஒரு காலச்சுருக்கப் படம் சான்றா, காட்சியா என்னும் வினாவுக்கு விடை இந்த ஓர் எண்ணில் அடங்கியுள்ளது.

ஒளித்தகட்டின் உணர்திறன்

வானைத் தொடர்ச்சியாகப் படமெடுப்பதற்கு முன், வானைப் படமெடுப்பதே இயல வேண்டியிருந்தது. 1839இல் டாகேரின் முறை வெளியிடப்பட்ட பின், 1840இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படமாக்கினார். 1850 சூலையில் ஹார்வர்டு வானாய்வகத்தில் வில்லியம் கிரான்ச் பாண்டும் ஒளிப்படக் கலைஞர் ஜான் ஆடம்ஸ் விப்பிளும் வேகா விண்மீனைப் பதிவு செய்தனர். சூரியனுக்கு அப்பால் ஒரு விண்மீன் ஒளிப்படத்தில் பதிவானது அதுவே முதன்முறை.

1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை உணர்திறனை உயர்த்திற்று. ஆனால் தகடு உலர்வதற்குள் படமெடுத்து உருத்துலக்கிவிட வேண்டும். ஆகவே ஒளியேற்பு நேரம் சில நிமிடங்களைத் தாண்ட இயலவில்லை. 1871இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் முன்மொழிந்த செலட்டின் உலர்தகடு இத்தடையை நீக்கியது. 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் ஓரியன் ஒண்முகிலை 51 நிமிட ஒளியேற்பில் பதிவு செய்தார். 1883இல் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் எடுத்த அதே ஒண்முகிலின் படத்தில், தொலைநோக்கி வழியே கண்ணுக்குத் தென்படாத விண்மீன்களும் பதிவாயின. தகடு கண்ணைவிட மிகுதியாகக் காண்கிறது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. 1887இல் பாரிசில் கூடிய வானியலாளர்கள் முழு வானத்தையும் ஒளிப்படத்தால் வரைபடமாக்கும் பன்னாட்டுத் திட்டத்தைத் தொடங்கினர். ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகமும் பிற்காலத்தில் அதில் பங்கேற்றது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறித்தாக வேண்டும். நீண்ட ஒளியேற்பு காலத்தை ஒரே படத்தில் குவிக்கிறது. அசையாத கருவியில் விண்மீன்கள் புள்ளிகளாக நில்லாமல் வில்வடிவக் கோடுகளாக நீள்கின்றன. காலச்சுருக்கமோ காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி வரிசைப்படுத்துகிறது. முன்னதில் நேரம் கரைந்துவிடுகிறது, பின்னதில் எண்ணப்படுகிறது. எண்ணும் முறை முதலில் தோன்றியது இரவு வானில் அன்று, பகல் வானில்.

ஜான்செனும் வெள்ளி இடைநகர்வும்

பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்செனின் வாழ்வு சென்னை மாகாணத்தோடு இருமுறை தொடர்புற்றது. 1868 ஆகத்து 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை அவர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் நிறமாலைமானி கொண்டு நோக்கினார். கிரகணம் இல்லாத வேளையிலும் சூரிய விளிம்பின் தழற்பிழம்புகளை நிறமாலையின் வழி காணலாம் என்பதை மறுநாளே நிறுவினார். 1871 திசம்பர் 12 கிரகணத்தின்போது நீலகிரியின் சோலூரில் முகாமிட்டு, சூரியனின் ஒளிமகுடத்தை ஆராய்ந்தார். இவ்விரு கிரகணங்களிலும் வானியலாளருக்குக் கிடைத்தவை சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களில் கண் காண்பதையும் கை எழுதுவதையும் மட்டுமே நம்பியிருப்பதன் இடர், அக்கால நோக்கர் அனைவரும் உணர்ந்த ஒன்று.

1874 திசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரிய வட்டின் குறுக்கே கடந்தது. வெள்ளியின் விளிம்பு சூரியனின் விளிம்பைத் தொடும் நொடியைப் புவியின் வெவ்வேறு இடங்களிலிருந்து துல்லியமாகக் குறித்தால், புவிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கணக்கிடலாம். ஆனால் 1761, 1769ஆம் ஆண்டுகளின் இடைநகர்வுகளில் ஓரிடத்தில் அருகருகே நின்று நோக்கியவர்களே தொடு நேரத்தை வேறுவேறாகக் குறித்தனர். இரு விளிம்புகளும் நெருங்கும்போது அவற்றுக்கிடையே கரிய துளி போன்ற இணைப்பு தோன்றுவது இதற்கு முதன்மைக் காரணம். எந்த நொடியைத் தொடு நேரமாகக் கொள்வது என்பது நோக்குபவரின் தீர்ப்பைப் பொறுத்ததாயிற்று.

இத்தீர்ப்பைக் கண்ணிடமிருந்து கருவியிடம் மாற்ற ஜான்சென் வடிவமைத்ததே ஒளிப்படச் சுழல்துப்பாக்கி. வட்ட வடிவான டாகேர் தகடு ஒன்று கடிகாரப் பொறியால் விட்டுவிட்டுச் சுழலும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதன் விளிம்பில் ஒரு சிறு படம் பதியும். 72 நொடிகளில் 48 படங்கள், அதாவது ஒன்றரை நொடிக்கு ஒரு படம். ஜப்பானின் நாகசாகியில் இக்கருவி பயன்படுத்தப்பட்டது. தொடு நேரத்தை ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையாவது படத்தில் தொடுகை நிகழ்ந்தது என்பதை எவரும் பின்னர் எண்ணிப் பார்க்கலாம் என்பதே இதன் அடிப்படைக் கருத்து.

அளவீட்டு நோக்கில் 1874ஆம் ஆண்டின் ஒளிப்படங்கள் எதிர்பார்த்த நுட்பத்தைத் தரவில்லை. விளிம்புகள் தகட்டிலும் மங்கின. கரிய துளிச் சிக்கலும் முற்றாக நீங்கவில்லை. எனினும் கருவியின் கருத்து நிலைத்தது. சீரான இடைவெளி, நிலையான கருவி, கடிகாரத்தோடு பிணைந்த படவரிசை ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்த முதற் கருவிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம். தோல்வியுற்ற ஓர் அளவீட்டிலிருந்து வெற்றிபெற்ற ஒரு முறை பிறந்தது என்பது இவ்வரலாற்றின் தொடக்க முரண்.

விரைவைத் தளர்த்தலும் தளர்வை விரைவாக்கலும்

ஜான்செனின் கருத்தை உயிரியலுக்குக் கொண்டு சென்றவர் எத்தியென் ஜூல் மாரே. அவர் 1882இல் உருவாக்கிய ஒளிப்படத் துப்பாக்கி நொடிக்குப் பன்னிரண்டு படங்களை எடுத்தது. பறவையின் சிறகசைவைப் பகுத்துக் காட்டியது. 1878இல் எட்வர்டு மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் எடுத்த குதிரை ஓட்டப் படவரிசையும் இதே நோக்குடையது. இருவரும் கண்ணுக்கு எட்டாத விரைவைத் தளர்த்தினர். திரைப்படக் கருவியின் வரலாறு இவ்வழியே சென்றது.

எதிர்த்திசையையும் கருதிப் பார்த்தவர் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக். மிக மெல்ல நிகழும் மாற்றத்தை நீண்ட இடைவெளிகளில் படமெடுத்து விரைவாக ஓட்டினால், வளர்ச்சி போன்ற நிகழ்வுகள் கண்ணால் நேரடியாகக் காணத்தக்க இயக்கமாக மாறும் என்பதை அவர் 1888இல் எடுத்துரைத்தார். லைப்சிக் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் 1898 முதல் 1900 வரை இக்கருத்தைச் செயற்படுத்தினார். துலிப் மலர்வதையும், தொட்டாற்சிணுங்கி இலைகளின் அசைவையும், அவரைக் குடும்பச் செடியின் வேர் வளைந்து வளர்வதையும் அவர் படவரிசையாக்கினார். மாணவர்க்குக் கற்பிப்பதும் வளர்ச்சி வேகத்தை அளப்பதும் அவருடைய நோக்கங்கள்.

அதே காலத்தில் பொதுமக்களுக்கான படங்களும் தோன்றின. நியூயார்க்கில் ஸ்டார் நாடக அரங்கு இடிக்கப்பட்டதை அமெரிக்க மியூட்டஸ்கோப் அண்டு பயோகிராப் நிறுவனம் 1901இல் காலச்சுருக்கப் படமாக்கியது. எப்.பெர்சி ஸ்மித் 1910இல் மலர்களின் பிறப்பைக் காட்டும் படத்தை வெளியிட்டார். ஆய்வகமும் திரையரங்கும் ஒரே முறையை ஏறத்தாழ ஒரே காலத்தில் கையாளத் தொடங்கின. இரண்டையும் வேறுபடுத்தியது கருவியன்று. படத்தோடு எதை எழுதி வைத்தனர் என்பதே.

கோடைக்கானல்: நாளுக்கொரு தகடு

இவ்வரலாற்றில் தமிழகத்தின் பங்கு இதுவரை இக்கோணத்தில் போதிய அளவு கருதப்படவில்லை. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. பருவமழை பொய்ப்பதற்கும் சூரியக் கரும்புள்ளிகளின் ஏற்றத்தாழ்வுக்கும் தொடர்பு உண்டா என்னும் வினா அதனையொட்டி வலுப்பெற்றது. 1893இல் கெல்வின் பிரபு தலைமையிலான இந்திய வானாய்வகங்கள் குழு, கோடைக்கானலில் சூரிய இயற்பியல் ஆய்வகம் அமைக்க முடிவு செய்தது. பழனி மலையில் 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த அவ்வாய்வகம் 1899இல் பணியைத் தொடங்கியது. 1909 சனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளின் புறநிழற் பகுதியில் வளிமம் ஆரவழியே வெளிநோக்கிப் பாய்வதை இங்குதான் கண்டறிந்தார்.

1904 முதல் சூரியனின் வெள்ளொளிப் படங்களும், 1907 முதல் கால்சியம்-கே ஒளிப் படங்களும், 1912 முதல் ஐதரசன்-ஆல்பா ஒளிப் படங்களும் வானம் தெளிவாக இருந்த நாள்தோறும் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு தகட்டுக்கும் நாளும் நேரமும் குறிக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்ட இத்தொகுப்பு உலகின் மிக நெடிய சூரியப் படத்தொகுப்புகளுள் ஒன்று. இத்தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ம வடிவாக்கியுள்ளது.

இத்தகடுகளை எடுத்தவர்கள் அவற்றை ஓட்டிக் காட்ட எண்ணவில்லை. எனவே இவற்றைக் காலச்சுருக்கப் படம் எனல் பொருந்துமா என்னும் மறுப்பு எழலாம். எண்மமாக்கலுக்குப் பின் நிகழ்வதைக் கருதினால் இதற்கு விடை கிடைக்கும். நாளுக்கொரு படத்தை நொடிக்கு 25 வீதம் ஓட்டினால், புவியிலிருந்து காணும் சூரியனின் ஒரு சுழற்சியான ஏறத்தாழ 27 நாள், ஒரு நொடியளவில் முடிகிறது. பதினோராண்டுக் கரும்புள்ளிச் சுழற்சி ஒன்று மூன்று நிமிடத்திற்குள் அடங்குகிறது. சுழற்சியின் தொடக்கத்தில் நடுவண் அகலக்கோடுகளில் தோன்றும் புள்ளிகள், ஆண்டுகள் செல்லச் செல்ல நடுக்கோட்டை நெருங்கித் தோன்றுவது கண்முன் நிகழ்கிறது. எடுத்தவர் எண்ணாத பயன் எடுபொருளுக்கு எவ்வாறு வந்தது? நாளும் நேரமும் தவறாமல் குறிக்கப்பட்டதால் வந்தது. முகில் மூடிய நாள்களின் வெற்றிடமும் வெற்றிடமாகவே அறியக்கூடியதாக இருப்பதற்கும் அதுவே காரணம். ஓட்டிக் காட்டுதல் இம்முறையின் உயிர்நிலை அன்று. ஒப்பிடத்தக்க வகையில் காலத்தைப் பதிவு செய்தலே உயிர்நிலை என்பது இதனால் பெறப்படுகிறது.

துருவ ஒளி: ஒரு கருதுகோளைக் கவிழ்த்த படவரிசை

இரவு வானத்தில் இம்முறை அளித்த மிகப்பெரிய அறிவியல் பயன் துருவ ஒளி ஆய்வில் விளைந்தது. 1892இல் செருமானியரான மார்ட்டின் பிரெண்டெல் நார்வேயின் வடகோடியில் துருவ ஒளியின் முதல் ஒளிப்படத்தை எடுத்தார். நார்வே கணிதவியலாளர் கார்ல் ஸ்டோர்மர் 1910 முதல், தொலைபேசியால் இணைக்கப்பட்ட இரு நிலையங்களிலிருந்து ஒரே நொடியில் படமெடுத்து, பின்னணி விண்மீன்களின் துணையால் துருவ ஒளியின் உயரத்தைக் கணக்கிட்டார். அதன் கீழ் விளிம்பு பெரும்பாலும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது என்பது இவ்வாறு நிலைபெற்றது. ஆயினும் ஓர் இரவு முழுவதும் துருவ ஒளி எவ்வாறு மாறுகிறது என்னும் வினா எஞ்சி நின்றது.

1957 சூலை முதல் 1958 திசம்பர் வரை கடைப்பிடிக்கப்பட்ட பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில், ஆர்க்டிக் வட்டாரமெங்கும் முழுவான் ஒளிப்படக்கருவிகள் நிறுவப்பட்டன. குவியாடி போல் வானத்தை ஒருங்கே அள்ளிக்காட்டும் குவிந்த ஆடியின் மீது, கீழ்நோக்கிய படக்கருவி பொருத்தப்பட்டிருக்கும். அடிவானம் முதல் அடிவானம் வரை முழு வானமும் ஒரு வட்டப் படத்தில் அடங்கும். பொதுவாக நிமிடத்திற்கு ஒரு படம். பத்து மணிநேர இரவு 600 சட்டகங்களாகச் சுருளில் பதியும். நேரம் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்பட்டது. இதனால் சைபீரியாவில் பதிவான சட்டகத்தை அலாஸ்காவிலும் கனடாவிலும் அதே நிமிடத்தில் பதிவான சட்டகங்களோடு அருகருகே வைத்து ஒப்பிட இயன்றது.

அக்காலத்தில் நிலவிய கருத்து, துருவ ஒளியின் வடிவமைப்பு சூரியனை நோக்க ஏறத்தாழ நிலையானது. அதன் அடியில் புவி சுழல்வதால் நோக்குபவர் மாலையில் ஒரு வடிவத்தையும் நள்ளிரவில் மற்றொன்றையும் காண்கிறார் என்பதாகும். ஓரிடத்தில் நிற்கும் ஒரு மனிதரால் இதை மறுக்கவோ ஏற்கவோ இயலாது. வடிவம் மாறிற்றா, தாம் வேறொரு வடிவத்தின் அடியில் வந்தோமா என்பதைத் தனி நோக்கர் எவரும் பிரித்தறிய முடியாது.

அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் சிட்னி சாப்மனிடம் பயின்ற சியுன்-இச்சி அகாசோஃபு, பல நிலையங்களின் சுருள்களைப் பொது நேரப்படி ஒன்றோடொன்று பொருத்தி ஆராய்ந்தார். 1964இல் அவர் வெளியிட்ட முடிவு வேறொரு சித்திரத்தைத் தந்தது. அமைதியாக இருக்கும் ஒளிவில் நள்ளிரவுப் பகுதியில் திடீரெனப் பிரகாசமடைகிறது. ஒளி துருவத்தை நோக்கி விரிகிறது. மேற்கு நோக்கி ஓர் அலை பாய்கிறது. பின்னர் அனைத்தும் மெல்ல அடங்கிப் பழைய நிலைக்கு மீள்கிறது. ஒன்று முதல் மூன்று மணிநேரம் வரை நீளும் இந்நிகழ்வை அவர் துருவ ஒளித் துணைப்புயல் என்றார். நிலையான வடிவத்தின் அடியில் புவி சுழல்கிறது என்னும் விளக்கம் போதாதென்பது தெளிவாயிற்று. புவியின் காந்தமண்டலம் ஆற்றலைச் சேர்த்து வெளிவிடும் முறை குறித்த பிற்கால ஆய்வுகளுக்கு இதுவே அடித்தளம்.

இக்கண்டுபிடிப்பில் சட்டகங்களின் அழகுக்கு எப்பங்கும் இல்லை. அவை சிறியவை, மங்கலானவை, வட்ட வடிவால் விளிம்பில் திரிபுற்றவை. அவற்றின் மதிப்பு முழுவதும் நிமிடக் கணக்கின் ஒழுங்கிலும், ஒரு நாட்டின் நிமிடம் மற்றொரு நாட்டின் நிமிடத்தோடு பொருந்தியதிலும் இருந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் சோவியத் நிலப்பரப்பின் பதிவுகளும் அமெரிக்கப் பதிவுகளும் ஒரே ஆய்வு மேசையில் சேர்ந்தன என்பதும் கருதத்தக்கது.

முகிலும் பனியாறும்: காட்சியும் சான்றும்

நிலப்பரப்பைப் பொறுத்தவரை இரு மரபுகளும் மாறிமாறித் தோன்றுகின்றன. 1924இல் ஆர்னோல்டு ஃபாங்க் சுவிட்சர்லாந்தின் மாலோயா கணவாயில் பாம்புபோல் ஊர்ந்து வரும் முகிலைப் படமாக்கினார். மலைத் திரைப்படங்களால் புகழ்பெற்ற அவர் தேடியது காட்சியின் பேருருவை. 1920களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானிய இயற்பியலாளர் மசனாவோ அபே, ஃபியூஜி மலையைச் சூழும் முகில்களை ஆண்டுக்கணக்கில் படமெடுத்தார். அவர் தேடியது மலையைக் கடக்கும் காற்றோட்டத்தின் வடிவை. இருவர் கையாண்ட முறையும் ஒன்று, பொருளும் ஒன்று, வினா மட்டுமே வேறு.

1982இல் காட்ஃபிரே ரெஜ்ஜியோ இயக்கிய 'கோயானிஸ்காட்சி' திரைப்படமும், அதன் ஒளிப்பதிவாளர் ரான் ஃபிரிக் பின்னர் இயக்கிய 'கிரானோஸ்' (1985), 'பரகா' (1992) ஆகியவையும் காலச்சுருக்கத்தைப் பெருந்திரையின் மொழியாக்கின. ஓடும் முகில்களும் நகரத்து ஊர்தி விளக்குகளும் உரையாடலின்றியே நாகரிகம் குறித்த வாதத்தை முன்வைத்தன. இங்கு இடைவெளி என்பது இசைக்கு இயைய மாற்றப்படும் ஒன்று. அதைப் பார்வையாளர் அறிய வேண்டியதில்லை. இதைக் குறையாகக் கூறல் தகாது. கலையின் கடப்பாடு வேறு என்பதைக் குறித்தாலே போதும்.

பனியாற்று ஆய்வில் சான்று மரபு தொடர்ந்தது. 1880களின் இறுதியில் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் தைரோல் பகுதியின் ஃபெர்னாக்ட் பனியாற்றை ஒளிப்பட அளவையியல் வழியே வரைபடமாக்கினார். அந்தப் பழைய அளவீடே பிற்காலத்தோர் ஒப்பிடுவதற்கான அளவுகோலாயிற்று. 2007இல் ஜேம்ஸ் பேலாக் தொடங்கிய 'எக்ஸ்ட்ரீம் ஐஸ் சர்வே' திட்டம், கிரீன்லாந்து, ஐசுலாந்து, அலாஸ்கா உள்ளிட்ட இடங்களில் பாறைகளில் படக்கருவிகளைப் பொருத்தி, பகல்வேளைகளில் சீரான இடைவெளியில் படமெடுத்தது. 2012இல் வெளிவந்த 'சேசிங் ஐஸ்' ஆவணப்படம் அப்படங்களைப் பொதுமக்களிடம் சேர்த்தது. காட்சியும் சான்றும் பகையல்ல. இடைவெளி பதிவாகி இருந்தால் இரண்டும் ஒரே படத்தில் உறையலாம் என்பதற்கு இத்திட்டம் சிறந்த எடுத்துக்காட்டு.

எண்மக் காலத்தின் இக்கட்டு

எண்மப் படக்கருவிகளின் ஒளியுணர்திறன் உயர்ந்ததும் பால்வழியைச் சில பத்து நொடிகளில் பதிவு செய்வது எளிதாயிற்று. முன்பு வானாய்வகங்களுக்கே இயன்ற செயல் இன்று ஆர்வலர் எவருக்கும் இயலும். 2007இல் பாபக் தஃப்ரேஷி தொடங்கிய 'தி வேர்ல்டு அட் நைட்' திட்டம் உலகின் பல பகுதிகளின் இரவு வானங்களை நில அடையாளங்களோடு சேர்த்துத் தொகுத்தது. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள இந்திய வானாய்வகத்தின் பொறியாளர் தோர்ஜே அங்சுக் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட காலச்சுருக்கப் படம், விண்மீன்களை நிலையாக நிறுத்தி நிலம் சுழல்வதாகக் காட்டியது. வானம் சுழல்கிறது என்னும் பன்னெடுங்காலத் தோற்றத்தைக் கவிழ்த்துக் கற்பிக்கும் கருவியாக அது அமைந்தது.

இப்பெருக்கத்தின் நடுவே ஓர் இக்கட்டு உள்ளது. 2016இல் வெளியான செயற்கை ஒளி குறித்த உலக வரைபட ஆய்வு, மனித இனத்தில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஒளி மாசுற்ற வானின் கீழ் வாழ்கின்றனர் என்றும், மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் பால்வழியைக் காண இயலாத இடங்களில் உள்ளனர் என்றும் காட்டியது. 2019 மே முதல் பெருந்தொகையாக ஏவப்படும் செயற்கைக்கோள் கூட்டங்களும் வானில் கோடுகளை இட்டு வருகின்றன. இம்மாற்றத்தை ஆண்டுதோறும் பதிவு செய்யவல்ல கருவி எவரிடம் உள்ளது? காலச்சுருக்கப் படமெடுக்கும் ஆர்வலரிடமே உள்ளது. ஆனால் அவர் வெளியிடும் படத்தில் செயற்கைக்கோள் கோடுகள் மென்பொருளால் அழிக்கப்படுகின்றன. அடிவானத்தின் நகரவொளி நிறம் மாற்றப்படுகிறது. அந்தி வேளையில் எடுத்த நிலமும் நள்ளிரவில் எடுத்த வானமும் ஒன்றாக ஒட்டப்படுகின்றன. இடைவெளியும் ஒளியேற்பு நேரமும் இடமும் குறிக்கப்படுவதில்லை. கலைப்படைப்பாக இதில் பிழையில்லை. ஆனால் வானம் எவ்வாறு மங்கிற்று என்று பின்னாளில் ஆராய்பவர், மிகுதியான படங்களும் மிகக் குறைந்த சான்றுகளும் உடைய ஒரு காலத்தை எதிர்கொள்வார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. காலச்சுருக்க ஒளிப்படம் திரைப்பட உத்தியாக மட்டும் தோன்றியதன்று. நோக்குபவரின் தீர்ப்பை நம்ப இயலாத இடத்தில், காலத்தை எண்ணத்தக்கதாக்க வேண்டிய தேவையே அதன் முதன்மை ஊற்று. நாகசாகியின் தகடு எதிர்பார்த்த அளவீட்டைத் தராதபோதும் முறையைத் தந்தது. கோடைக்கானலின் தகடுகள் எடுத்தோர் எண்ணாத பயனை நூறாண்டுக்குப் பின் தந்தன. ஆர்க்டிக் சுருள்கள் ஒரு கருதுகோளையே மாற்றின. மூன்றிலும் பொதுவாக அமைந்தது படத்தின் தெளிவன்று, இடைவெளியின் நேர்மையே.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு கருத்தும் கிடைக்கிறது. இயற்கையைக் காலச்சுருக்கத்தில் படமெடுப்போர் தம் படைப்பை விரும்பியவாறு அழகூட்டலாம். ஆயினும் திருத்தப்படாத மூலச் சட்டகங்களையும், அவை எடுக்கப்பட்ட இடம், நாள், நேரம், இடைவெளி, ஒளியேற்பு நேரம் ஆகியவற்றையும் உடன் பேணுதல் வேண்டும். நம் கல்லூரிகளின் இயற்பியல், புவியியல் துறைகள் ஒரே இடத்திலிருந்து ஒரே திசையில் ஆண்டுக்குச் சில இரவுகளையேனும் இம்முறையில் பதிவு செய்யத் தொடங்கினால், அதற்கு வேண்டிய செலவு மிகக் குறைவு. பழனி மலையில் ஒவ்வொரு தெளிந்த நாளிலும் ஒரு தகட்டை எடுத்து, அதன் ஓரத்தில் நேரத்தை எழுதி வைத்தவர்கள் செய்தது இவ்வளவே.